கண்காட்சிக் கேனரி: ஜோடி சேர்ப்பது முதல் நடுவர் மேசை வரை

கண்காட்சியில் நடுவரின் கண்முன் ஒரு கேனரிப் பறவை நிற்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களில் அவர் பார்ப்பதில் பெரும்பகுதி, ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், எந்த ஆணை எந்தப் பெட்டையோடு விடுவது என்று வளர்ப்பவர் முடிவு செய்த நாளிலேயே தீர்மானமாகிவிட்டது. குளிப்பாட்டுவதும் கூண்டுக்குப் பழக்குவதும் இருக்கும் அழகை மறைக்காமல் காட்ட உதவும். தட்டைத் தலையை உருண்டைத் தலையாக மாற்றிவிடாது. ஆகவே இனப்பெருக்கத்தையும் மதிப்பீட்டையும் இரண்டு தனி வேலைகளாக இங்கே பிரிக்கவில்லை. மதிப்பிடத் தெரியாதவருக்கு ஜோடி சேர்க்கவும் தெரியாது என்பது என் கருத்து. பல ஆண்டுகள் தவறாக ஜோடி சேர்த்த பிறகு வந்த கருத்து அது.

இனத்தைத் தேர்ந்துகொள்ளுதல்

கேனரித் தீவுகள், அசோர்ஸ், மதீரா ஆகிய அட்லாண்டிக் தீவுகளில் வாழும் பசுமஞ்சள் நிறக் காட்டுப் பறவையிலிருந்து, ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு வளர்ப்பில் கிளைத்துப் பெருகிய கேனரிகள் இன்று மூன்று பெரும் பிரிவுகளில் போட்டியிடுகின்றன. ஜெர்மனியின் ஹார்ஸ் ரோலர், பெல்ஜியத்தின் வாட்டர்ஸ்லாகர், ஸ்பெயினின் டிம்பிராடோ போன்றவை பாட்டுக்காக வளர்க்கப்படுபவை. அவற்றை நடுவர் காதால் மதிப்பிடுகிறார். இரண்டாவது பிரிவு நிறத்துக்கானது. சிவப்புக் கேனரி இதில் அடங்கும்: 1920களில் ஜெர்மனியில் ஹான்ஸ் டுங்கர் முன்னின்று, தென் அமெரிக்காவின் சிவப்பு சிஸ்கின் பறவையோடு கேனரியைக் கலந்து தொடங்கிய முயற்சியின் பயன் அது. அந்தச் சிவப்புக்குக் காரணமான மரபணுவை அறிவியலாளர்கள் அடையாளம் கண்டது 2016இல்தான். மூன்றாவது பிரிவு உடலமைப்புக்கானது. சுமார் 17 சென்டிமீட்டர் நீளத்தில் நிமிர்ந்து நிற்கும் யார்க்‌ஷயர், தடித்த நார்விச், அதைவிடச் சிறிய பார்டர், பதினொன்றரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாத ஃபைஃப், செதில்போன்ற கோலம் கொண்ட லிசார்ட் ஆகியவை இதில் வரும்.

தொடங்குபவர் ஒரே ஓர் இனத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு இனங்களை ஒரே அறையில் வைத்து இரண்டிலும் தேர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கண் பழகுவதற்கு ஒரே உருவத்தை ஆயிரம் முறை பார்த்தாக வேண்டும். இக்கட்டுரை முழுவதும் குளோஸ்டர் இனத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். இங்கிலாந்தில் உருவாகி, 1925இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட இந்தச் சிறிய கொண்டைக் கேனரி, இனப்பெருக்க விதிகளையும் மதிப்பீட்டு விதிகளையும் ஒருங்கே கற்பிக்கும். இங்கே சொல்வதில் பெரும்பகுதி மற்ற உடலமைப்பு இனங்களுக்கும் பொருந்தும்.

வாங்கும்போது பரிசு பெற்ற பறவையைத் தேடி அலைய வேண்டாம். ஒரே வளர்ப்பாளரிடம், ஒன்றுக்கொன்று உறவுள்ள இரண்டு அல்லது மூன்று ஜோடிகளை வாங்குவது, ஐந்து பேரிடம் ஐந்து வெற்றிப் பறவைகளை வாங்குவதைவிட நல்லது. தனியாக மிளிரும் ஒரு பறவை சுமாரான குடும்பத்தில் தற்செயலாகப் பிறந்ததாக இருக்கலாம். அதன் குஞ்சுகள் அந்தக் குடும்பத்தின் சுமாரான தரத்துக்கே திரும்பும். எனவே பறவையைப் பார்ப்பதற்கு முன் அதன் பெற்றோரையும் உடன்பிறந்தவற்றையும் காட்டுமாறு கேளுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் வாங்காமல் திரும்புவதே மேல்.

இறகைப் படிக்கக் கற்றல்

கேனரி வளர்ப்பில் புதியவர்களை அதிகம் குழப்பும் சொற்கள் ‘மஞ்சள்’, ‘பஃப்’ என்ற இரண்டும். இவை நிறத்தின் பெயர்கள் அல்ல, இறகின் வகையைக் குறிப்பவை. மஞ்சள் வகை இறகில் நிறமி இறகின் ஓரம்வரை பரவியிருக்கும்; இறகும் குறுகி, இறுக்கமாக, பளபளப்பாக இருக்கும். பஃப் வகையில் நிறமி ஓரத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடுவதால் ஒவ்வோர் இறகின் நுனியிலும் வெளிறிய விளிம்பு தோன்றி, பறவைமேல் மெல்லிய பனி படிந்ததுபோல் இருக்கும். இறகு அகன்று மென்மையாக இருப்பதால் அதே எலும்புக்கூட்டில் பறவை பெரிதாகத் தெரியும். முழுப் பச்சைப் பறவையிலும் மஞ்சள் வகை உண்டு, பஃப் வகை உண்டு. ஐயம் எழுந்தால் பறவையைப் பகல் வெளிச்சத்தில் பிடித்து, கழுத்தின் பின்புறத்திலும் முதுகிலும் அந்த வெளிறிய விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்றால், ஜோடி சேர்ப்பின் முதல் விதி இதன்மேல்தான் நிற்கிறது. மஞ்சளோடு பஃப் சேர்ப்பது வழக்கமான, பாதுகாப்பான முறை. குஞ்சுகளில் இரு வகையும் கிடைக்கும். மஞ்சளோடு மஞ்சளைத் தொடர்ந்து சேர்த்தால் தலைமுறைக்குத் தலைமுறை இறகு மெலிந்து, கண்ணைச் சுற்றியும் தொடைப் பகுதியிலும் தோல் தெரியத் தொடங்கும். பஃபோடு பஃபைத் தொடர்ந்து சேர்த்தால் இறகு மேலும் மேலும் நீண்டு தளர்ந்து, ஒரு கட்டத்தில் தோலைத் துளைத்து வெளிவர முடியாமல் உள்ளேயே சுருண்டு கட்டியாகத் திரளும். இறகுக் கட்டி எனப்படும் இது பெரும்பாலும் இறக்கையிலோ முதுகிலோ தோன்றும். குளோஸ்டரிலும் நார்விச்சிலும் அடிக்கடி காணப்படும்.

குளோஸ்டரில் நல்ல மஞ்சள் பறவைகள் அரிது என்பதால் பெரும்பாலோர் பஃபோடு பஃபையே சேர்க்கிறார்கள். இது தவிர்க்க முடியாத நடைமுறை; ஆனால் பஃப்களுக்குள்ளேயே இறகு குட்டையாகவும் இறுக்கமாகவும் உள்ளவை உண்டு, தளர்ந்து தொங்குபவை உண்டு. இருபுறமும் தளர்ந்த இறகு வராமல் பார்த்துக்கொண்டால் பல ஆண்டுகளுக்குத் தொல்லை இராது. கட்டி வந்த பறவை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிடுங்கள். அந்தக் குணம் பரம்பரையாக இறங்கும்.

கொண்டையும் கான்சார்ட்டும்

குளோஸ்டரில் கொண்டை உள்ளது கொரோனா, கொண்டையற்றது கான்சார்ட். கொண்டைக்கான மரபணு ஓங்கு தன்மையுடையது. அது தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கொண்டை உண்டாகும், இருவரிடமிருந்தும் வந்தால் கரு உயிர் தரிக்காது. எனவே கொரோனாவோடு கொரோனாவைச் சேர்த்தால் கருவுற்ற முட்டைகளில் சராசரியாகக் கால்பங்கு ஓட்டுக்குள்ளேயே அழிந்துவிடும். கொரோனாவோடு கான்சார்ட்டைச் சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குஞ்சுகள் கொண்டையோடும் பாதி கொண்டையின்றியும் பிறக்கும், இழப்பு இல்லை. வெள்ளைக் கேனரியில் ஓங்கு வெள்ளை எனப்படும் வகைக்கும் இதே விதி பொருந்துவதால், அவ்வகை வெள்ளை இரண்டையும் ஒன்றோடொன்று சேர்ப்பதில்லை.

கொண்டை கண்ணைப் பறிப்பதால் புதியவர்கள் பணத்தையெல்லாம் கொரோனாவில் கொட்டி, கான்சார்ட்டைத் துணைக்கு நிற்கும் பறவையாக மட்டும் கருதிவிடுகிறார்கள். உண்மையில் கொண்டை எவ்வளவு அகலமாகப் படரும் என்பது அதைத் தாங்கும் மண்டையின் அகலத்தைப் பொறுத்தது; அந்த மண்டையைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிவது கான்சார்ட்டில் மட்டுமே, ஏனெனில் கொரோனாவில் அது கொண்டைக்கடியில் மறைந்திருக்கிறது. நெற்றி அகன்று, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தலை உருண்டு, உச்சியில் நல்ல மேடிட்டு, கண்ணுக்கு மேல் புருவ இறகு கனத்துக் கவிந்திருக்கும் கான்சார்ட் பெட்டை ஒன்று கிடைத்தால், அதை எந்தக் கொரோனாவுக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஜோடி அட்டை

ஒவ்வொரு பறவைக்கும் ஓர் அட்டை வைத்து, கால் வளையத்தின் எண், பெற்றோர், இறகு வகை ஆகியவற்றுக்குக் கீழே அதன் மிகச் சிறந்த இரண்டு குணங்களையும் மிக மோசமான இரண்டு குறைகளையும் மட்டும் எழுதுங்கள். இரண்டுக்கு மேல் எழுதினால் முடிவெடுக்க உதவாது. பிறகு அட்டைகளை மேசையில் பரப்பி, ஆணின் குறை எதுவோ அது பெட்டையின் சிறப்பாக இருக்குமாறு இணைத்துப் பாருங்கள். ஒரே குறை இரு அட்டைகளிலும் இருந்தால் அந்த ஜோடியை விட்டுவிட வேண்டும், மற்றவை எல்லாம் எவ்வளவு பொருந்தினாலும் சரி. மிகக் குட்டையானதை மிக நீண்டதோடு சேர்த்தால் நடுவான குஞ்சுகள் வரும் என்ற கணக்கும் நடைமுறையில் பொய்த்துப்போகும். இரு எல்லைகளும் குஞ்சுகளில் மாறிமாறித் தலைகாட்டும். குறையை அதற்கு எதிரான குறையால் ஈடுசெய்ய முயலாமல், அந்த அம்சத்தில் சரியாக அமைந்த பறவையால்தான் ஈடுசெய்ய வேண்டும்.

உறவு ஜோடிகளைப் பொறுத்தவரை, தாத்தாவோடு பேத்தி, மாமனோடு மருமகள், ஒரே தந்தைக்கு வெவ்வேறு பெட்டைகளிடம் பிறந்தவை ஆகியவற்றைச் சேர்ப்பது நல்ல குணங்களை நிலைநிறுத்தும். உடன்பிறந்தவற்றைச் சேர்ப்பதை நான் தவிர்க்கிறேன். முட்டை பொரிக்கும் அளவு குறைவதும் குஞ்சுகள் மெலிவதும் இரத்தம் மிக நெருங்கிவிட்டதன் அடையாளங்கள். அப்போது அதே உருவத்தைக் கொண்ட வேறொரு குடும்பத்திலிருந்து ஒரு பெட்டையைக் கொண்டுவாருங்கள்.

ஒளியும் கூண்டும் தயார்நிலையும்

கேனரியை இனப்பெருக்கத்துக்குத் தூண்டுவது முதன்மையாகப் பகல் நீள்வதுதான். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை என்பதால், அங்கு வளர்ப்பவர்கள் விளக்கைக் கொண்டு அதை உண்டாக்க வேண்டியிருக்கிறது. பத்து மணி நேர வெளிச்சத்தில் தொடங்கி, வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டி, பதினான்கு அல்லது பதினைந்து மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே வாரத்தில் தாவினால் ஆணும் பெட்டையும் ஒரே நேரத்தில் தயாராகாமல் முதல் ஈட்டில் (ஒரு தடவை இடும் முட்டைகளில்) கூமுட்டையே மிஞ்சும். மாலையில் விளக்கைச் சட்டென அணைக்காமல் மெல்ல மங்கச் செய்ய வேண்டும். பெட்டை கூட்டுக்குத் திரும்ப நேரம் வேண்டும்.

ஒரு ஜோடிக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் உயரமும் ஆழமும் உள்ள பெட்டிக்கூண்டு போதும். நடுவில் செருகி எடுக்கக்கூடிய கம்பித் தடுப்பு இருக்கட்டும். தடுப்பின் இருபுறமும் ஒரு வாரம் வைத்துக் கவனியுங்கள். தயாரான ஆண் இறக்கையைத் தாழ்த்தி, தொண்டை புடைக்கப் பாடியபடி குச்சியில் இப்படியும் அப்படியும் திரும்பும். அதன் எச்சத்துளை வெளித் துருத்தி நிற்கும். தயாரான பெட்டை காகிதத் துண்டையும் இறகையும் அலகில் தூக்கிக்கொண்டு கூண்டெல்லாம் அலையும், ஆணை விடாமல் கூப்பிடும். தடுப்புக் கம்பியின் வழியே ஆண் அதற்கு இரை ஊட்டத் தொடங்கியதும் தடுப்பை எடுக்கலாம்.

இறகு கனத்த இனங்களில் சேர்வதற்கு முன் எச்சத்துளையைச் சுற்றியுள்ள பஞ்சு இறகுகளைச் சிறிய கத்தரியால் குறைப்பது வழக்கம்; ஆனால் துளையை ஒட்டி நிற்கும் விறைப்பான சிறு இறகுகளை விட்டுவிட வேண்டும். ஜோடி சேர்க்கும் கொரோனாப் பறவைகளில் கண்ணை மறைக்கும் கொண்டை இறகுகளையும் சற்றுக் கத்தரித்துவிடுங்கள். குஞ்சின் வாய் எங்கே இருக்கிறது என்று தெரியாத தாய் எப்படி ஊட்டும்?

கூட்டுக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர் அகலக் கிண்ணமும் உள்ளே கம்பளித் துணியும் போதும். கட்டுமானத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டிய சணல் நார் கொடுங்கள். ஒரு பருவத்தில் அவசரத்தில் வெட்டாமல் நீள நாராகப் போட்டுவிட்டேன். பன்னிரண்டாம் நாள் அடையில் இருந்த பெட்டை கூட்டைவிட்டு எழ முயல, கணுக்காலில் மூன்று சுற்றுச் சுற்றிய நார் கூட்டோடு சேர்த்து இழுக்க, முட்டைகள் நான்கும் தரையில் கிடந்தன. கால் வீங்கி, நடுவிரல் கறுத்துப்போன அந்தப் பெட்டை அதன்பின் எந்தக் கண்காட்சிக்கும் போகவில்லை. இப்போது வெட்டும் வேலையைப் பருவம் தொடங்குமுன்பே முடித்து டப்பாவில் அடைத்துவிடுகிறேன்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அடிப்படை கேனரி விதை. அதோடு ரேப் விதை, சிறிதளவு பேயெள்ளு, ஆளி விதை. இனப்பெருக்கக் காலத்தில் அவித்த முட்டையும் ரஸ்க் தூளும் கலந்த மென்தீனி, முளைகட்டிய விதை, கீரை. கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த பெட்டைக்கு முட்டை வெளிவராமல் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கிய பெட்டை சிலிர்த்துக்கொண்டு தரையில் ஒடுங்கியிருக்கும். உடனே இதமான வெப்பத்தில் வைத்துக் கால்நடை மருத்துவரை நாடுங்கள். அவகாடோ பறவைகளுக்கு நஞ்சு, கிட்டவே கொண்டுபோகக் கூடாது.

முட்டை முதல் வளையம் வரை

பெட்டை நாளுக்கொன்றாகக் காலையில் முட்டையிடும். ஓர் ஈட்டில் நான்கு அல்லது ஐந்து. முதல் மூன்று முட்டைகளையும் அந்தந்த நாள் காலையில் தேக்கரண்டியால் எடுத்து, விதைமேல் பரப்பிய பஞ்சில் வைத்து, இடத்தில் போலி முட்டையை வையுங்கள். எடுத்து வைத்தவற்றை நாள்தோறும் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். நான்காம் நாள் காலை எல்லாவற்றையும் ஒன்றாகத் திருப்பி வைத்துவிடலாம். இப்படிச் செய்யாவிட்டால் குஞ்சுகள் வெவ்வேறு நாள்களில் பொரித்து, கடைசிக் குஞ்சு மூத்தவற்றின் காலடியில் மிதிபட்டுச் சாகும். அடைவைத்த ஆறாம் அல்லது ஏழாம் நாள் சிறு விளக்கொளியில் முட்டையைப் பார்த்தால், கருவுற்றதில் சிவந்த நரம்புகள் தெரியும்; கூமுட்டை கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். பதின்மூன்று அல்லது பதினான்கு நாளில் பொரிக்கும். பொரிக்கும் நாளுக்கு முந்தைய நாள் பெட்டைக்குக் குளிக்கும் தொட்டி வையுங்கள். அதன் ஈர இறகு தரும் ஈரப்பதம் போதும். முட்டைமேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம்.

குஞ்சுக்கு ஐந்து முதல் ஏழு நாள் ஆகும்போது வளையம் போட வேண்டும். முன்விரல் மூன்றையும் சேர்த்து வளையத்துக்குள் நுழைத்து, பின்விரலைக் காலோடு ஒட்டி மடக்கி, வளையத்தை மேலே தள்ளியபின், தீக்குச்சியின் மழுங்கிய முனையால் பின்விரலை விடுவித்தால் வேலை முடிந்தது. ஒரு நாள் முந்தினால் வளையம் கழன்றுவிடும், ஒரு நாள் பிந்தினால் ஏறாது. குஞ்சுக்குக் குஞ்சு வேறுபடும் என்பதால் நாளை எண்ணாமல் காலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாலையில் போடுவது நல்லது. சில பெட்டைகள் மினுமினுக்கும் வளையத்தை எச்சமென்று நினைத்துக் குஞ்சோடு சேர்த்து வெளியே எறிந்துவிடும். மூடிய வளையம் இல்லாத பறவைக்குப் பல போட்டிகளில் அவ்வாண்டுக் குஞ்சுகளுக்கான பிரிவில் இடமில்லை. வளையத்தின் அளவு இனத்துக்கு இனம் மாறுவதால் உங்கள் சங்கத்தின் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள்.

பதினெட்டாம் நாளை ஒட்டிக் குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கும். அப்போது அடுத்த ஈட்டுக்கு ஆயத்தமாகும் தாய், கூடு கட்டுவதற்காகக் குஞ்சுகளின் வாலையும் முதுகையும் பிடுங்கத் தொடங்கலாம். கம்பித் தடுப்பைச் செருகி, குஞ்சுகளை ஒருபுறம் வைத்தால் பெற்றோர் கம்பி வழியே ஊட்டும். லிசார்ட் வளர்ப்பவருக்கு இது தலைபோகிற விஷயம், ஏனெனில் அவ்வினத்தில் பிடுங்கிய வால் இறகு மீண்டும் முளைக்கும்போது நுனி வெளுத்து வந்து கண்காட்சித் தகுதியையே குலைத்துவிடும். நான்கு வாரமளவில், கடின விதையைத் தானே உடைத்துத் தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகே குஞ்சைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வையுங்கள். ஒரு பெட்டையிடம் ஆண்டுக்கு இரண்டு ஈடு எடுப்பது போதும்.

இரவில் கூட்டைச் சோதிப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். செஞ்சிற்றுண்ணி பகலில் குச்சியின் முனையிலும் கூட்டுக்கடியிலும் ஒளிந்திருந்து இரவில் குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சும். வெளிறிய வாய் அதன் முதல் அடையாளம். கேனரி அம்மைநோயைக் கொசு பரப்புவதால் அறைக்கு வலை அடிப்பது வீண்செலவு அல்ல.

இறகு உதிர்வு

ஆறு முதல் எட்டு வார வயதில் குஞ்சின் முதல் இறகு உதிர்வு தொடங்கி, ஏறத்தாழ இரண்டு மாதம் நீடிக்கும். இதில் உடல் இறகுகள் மட்டுமே மாறும். இறக்கையின் பெரிய இறகுகளும் வால் இறகுகளும் அடுத்த ஆண்டுவரை அப்படியே இருக்கும். இக்காலத்தில் கூட்டமும் இடநெருக்கடியும் கூடாது, வெளிச்சம் மட்டாக இருக்கட்டும், தினமும் குளியல் வேண்டும். சிவப்புக் கேனரி, நார்விச், யார்க்‌ஷயர், லிசார்ட் ஆகியவற்றுக்கு இறகு உதிர்வு தொடங்கும் முன்பே நிறத் தீனியை (இறகின் நிறத்தைக் கூட்டும் தீனியை) தொடங்கி முடியும்வரை இடைவிடாமல் கொடுக்க வேண்டும். நடுவில் விட்டால் உடலில் திட்டுத்திட்டாகத் தெரியும். குளோஸ்டர், பார்டர், ஃபைஃப் ஆகியவை இயற்கை நிறத்திலேயே வைக்கப்பட வேண்டும் என்பது விதி.

பழக்குதலும் குளிப்பாட்டுதலும்

கண்காட்சிக் கூண்டின் கதவைத் திறந்து, குஞ்சுகள் இருக்கும் கூண்டின் வாசலில் தொங்கவிட்டால் அவை தாமாகவே போய்வரும். உள்ளே இருக்கும்போது கதவை அடைத்துப் பத்து நிமிடம் விட்டுவையுங்கள். பிறகு கூண்டைத் தூக்கி நகர்த்தி, கண்ணுக்கு நேரே உயர்த்தி, மறுபடி இறக்குங்கள். நடுவர் செய்வதும் அதுவே. தொப்பி அணிந்தவரையும் புதிய குரலையும் கண்டு கூண்டின் அடியில் படபடக்கும் பறவையை, எவ்வளவு சிறந்ததானாலும், அவர் மதிப்பிட முடியாது.

குளிப்பாட்டுவது போட்டிக்கு ஏழு முதல் பத்து நாளுக்கு முன்பு நடக்க வேண்டும். இறகில் இயற்கை எண்ணெய் திரும்பிப் படிந்து ஒட்டுவதற்கு அவ்வளவு நாள் தேவை. மூன்று கிண்ணங்களில் வெதுவெதுப்பான நீர், முதலாவதில் மட்டும் சில துளிக் குழந்தை ஷாம்பு. பறவையை உள்ளங்கையில் படுக்கவைத்து, மென்மையான சவரத் தூரிகையால் தலையிலிருந்து வாலை நோக்கி மட்டும் தடவுங்கள். எதிர்த்திசையில் தேய்த்தால் இறகுத் தண்டு முறியும். மற்ற இரு கிண்ணங்களிலும் நுரை துளியும் இல்லாமல் அலசி, துணியால் ஒற்றியெடுத்து, காற்றுப் படாத கதகதப்பான கூண்டில் உலரவிடுங்கள். முதல்முறை கைப்பழக்கத்துக்காகப் போட்டிக்குப் போகாத பறவை ஒன்றைக் குளிப்பாட்டிப் பாருங்கள்.

மதிப்பிடும் முறை

உலகில் இரு முறைகள் நடப்பில் உள்ளன. பிரிட்டன் மரபில் ஒரு பிரிவின் பறவைகளை அருகருகே வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துவார்கள். உலகப் பறவை வளர்ப்போர் கூட்டமைப்பான சி.ஓ.எம். முறையில் ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை என்று தாளில் எழுதப்படும். நான்கு பறவைகள் கொண்ட அணியாகவும் வைக்கலாம், அப்போது நான்கும் ஒன்றுபோல் இருப்பதற்கு ஆறு வரை இசைவுப் புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். நான்கில் உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் உள்ள இடைவெளி அந்த ஆறிலிருந்து கழியும். 90, 90, 91, 91 பெற்ற அணிக்கு 362உடன் ஐந்து சேர்ந்து 367.

குளோஸ்டர் கொரோனாவின் மரபான அளவுகோலில் கொண்டைக்கு 20 (வட்டமும் ஒழுங்கும் கண் தெரிவதும் 15, நடுப்புள்ளி 5), உடலுக்கு 20, இறகுப் போர்வைக்கு 15, சிறிய உருவுக்கு 15, நிற்கும் துடிப்புக்கு 10, உடல்நலமும் தூய்மையும் சேர்ந்து 10, வாலுக்கு 5, காலுக்கு 5. கான்சார்ட்டில் கொண்டையின் 20 தலைக்கும் புருவத்துக்கும் போகிறது. அளவுகோலைப் படிக்கும்போதே அந்த இனத்தின் மனம் தெரிந்துவிடும்: ஃபைஃப் அளவுகோலில் உருவின் சிறுமைக்கு மட்டுமே 25.

வீட்டில் மதிப்பிடும்போது கூண்டைக் கண்மட்டத்தில், கை நீளத்துக்கு அப்பால் வையுங்கள். உடனே எதையும் எழுதாதீர்கள். பறவை அடங்கி இயல்பாக நிற்கும்வரை காத்திருந்து, முதலில் மொத்த உருவத்தைப் பாருங்கள். பிறகே உறுப்புகளுக்குப் போக வேண்டும். கொண்டையை மேலிருந்து பார்க்க வேண்டும்: ஒரே புள்ளியிலிருந்து சுற்றிலும் விரிகிறதா, பின்புறம் பிளவோ வழுக்கையோ இன்றிக் கழுத்தோடு கலக்கிறதா? பக்கவாட்டில் கழுத்து தடித்து முதுகோடு இணைகிறதா, மார்பு துருத்தாமல் உருண்டிருக்கிறதா, இறக்கை நுனிகள் ஒன்றையொன்று கடக்கின்றனவா, தொடையருகே இறகு தொங்குகிறதா என்று பாருங்கள்.

சென்ற பருவத்தில் ஒரே ஈட்டில் பிறந்த இரண்டு கொரோனா ஆண்களை இப்படி எழுதிப் பார்த்தேன். முதலாவதன் கொண்டை கம்பாஸ் வைத்து வரைந்ததுபோல் இருந்தது. பார்த்தவரெல்லாம் அதைத்தான் எடுத்தார்கள். கொண்டை 17, உடல் 14, இறகு 12, உருவு 13, நிலை 8, நலம் 9, வால் 4, கால் 5: மொத்தம் 82. இரண்டாவதன் கொண்டையில் நடுப்புள்ளி சற்றே பின்தள்ளியிருந்தது. ஆனால் கழுத்தும் முதுகும் நிறைந்து பந்துபோல் நின்றது. கொண்டை 14, உடல் 18, இறகு 13, உருவு 12, நிலை 9, நலம் 9, வால் 4, கால் 5: மொத்தம் 84. கொண்டையின் மூன்று புள்ளி கண்ணில் முதலில் படுகிறது. உடலின் நான்கு புள்ளி எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது. ஒரே பறவையை ஒரு வாரம் கழித்து, முந்தைய தாளைப் பார்க்காமல் மறுபடி மதிப்பிடுங்கள். இரண்டு தாள்களுக்கும் இடையே ஐந்து புள்ளிக்கு மேல் வேறுபாடு வந்தால் கண் இன்னும் நிலைப்படவில்லை என்று பொருள்.

பதிவு செய்யும்போது பிரிவைச் சரியாகக் குறியுங்கள். கொரோனாவா கான்சார்ட்டா, மஞ்சளா பஃபா, தெளிந்த நிறமா கலப்பு நிறமா, ஆணா பெட்டையா என்பதில் ஒன்று பிசகினாலும் ‘தவறான பிரிவு’ என்ற குறிப்போடு பறவை ஒதுக்கப்படும். விரல் நகம் உடைந்திருக்கிறதா என்று முந்தைய வாரமே பாருங்கள்.

கண்காட்சிக்குப் பின்

திரும்பிவந்த பறவையை உடனே மற்றவற்றோடு சேர்க்காமல் இரண்டு வாரமாவது தனியே வைத்து, சிற்றுண்ணியோ மூச்சிரைப்போ இருக்கிறதா என்று கவனியுங்கள். அடுத்தடுத்த வாரங்களில் அதையே போட்டிக்கு அனுப்பாதீர்கள். நடுவரின் குறிப்பை ஜோடி அட்டையின் பின்புறம் அப்படியே எழுதிவையுங்கள். உங்கள் கருத்தோடு முரண்பட்டால் இரண்டையும் அருகருகே விட்டுவையுங்கள்.

மேலே சொன்ன இரண்டு சகோதரர்களையும் நான் வைத்துக்கொண்டேன். 82 பெற்றதற்கு, கொண்டை வம்சத்தில் பிறந்த, மார்பும் கழுத்தும் நிறைந்த கான்சார்ட் பெட்டை. 84 பெற்றதற்கு, உடல் சுமாரானாலும் தலை அகன்று புருவம் கனத்த அதன் அத்தை. அட்டைகள் இணைத்துக் கட்டியாகிவிட்டன. விளக்கின் நேரம் இப்போது பத்தரை மணியில் இருக்கிறது.